மாட்டுக்கு நல்லநேரம்

என் தம்பி சிவபாலன் கனடாவில் பால் பண்ணை வைத்திருக்கிறான் என்று கிளிநொச்சி முழுவதும் சொல்லித் திரிந்தவள் நான்தான். சும்மா சொல்லவில்லை, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ரொறன்ரோ விமான நிலைய வாசலில் அவனுடைய பிக்கப் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆடும் மாடும் வளர்த்தே அரை ஆயுளைப் போக்கியவள் நான். பால்மாட்டின் மணம் வேறு, கொழுக்கப் போட்ட நாம்பன் காளையின் மணம் வேறு.

“எத்தினை பசு நிக்குது, சிவா?” என்று கேட்டேன்.

அவன் கண்ணாடியைப் பார்த்தான், பின்னால் வந்த லொறியைப் பார்த்தான், என்னை மட்டும் பார்க்கவில்லை. “பசு ஒண்டும் இல்லை அக்கா. எல்லாம் நாம்பன்.”

“நாம்பனிலை எப்பிடியடா பால் கறக்கிறாய்?”

“கறக்கிறேல்லை. சோளம் போட்டுக் கொழுக்க வைச்சு இறைச்சிக் கம்பனிக்குக் குடுக்கிறம்.”

“நீ கோயில் நிர்வாக சபையிலை எல்லே இருக்கிறாய்?”

“அதுதான் அக்கா சொல்லுறன், உதை ஒருத்தரிட்டையும் கதைச்சுப்போடாதேங்கோ.”

இறைச்சிக்கு விற்பது பாவம் என்ற எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது. நான் வளர்க்கும் ஆடுகள் லொறி ஏறிப் பள்ளிக்கூடம் போவதில்லை. எரிச்சல் என்னவென்றால், ஊர் முழுக்க என் வாயாலேயே பொய் சொல்ல வைத்துவிட்டானே என்பதுதான்.

நான் போன காரியத்தைச் சொல்லவேண்டும். எங்களுடையது ஆடு வளர்க்கும் பெண்களின் சங்கம். நான் தலைவி. சேர்ந்து விற்போம், நல்ல விலை கேட்போம் என்றுதான் தொடங்கினோம். ஆடு வாங்க வருகிற வியாபாரி மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒவ்வொருத்திக்கும் தனியாகப் போன் அடிப்பான். “அக்கா, உங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டித் தாறன், மற்றவைக்குச் சொல்லாதேங்கோ” என்பான். எங்கள் பெண்களும் சொல்லமாட்டார்கள். மற்ற எல்லா விஷயத்தையும் சொல்வார்கள், அதை மட்டும் சொல்லமாட்டார்கள். சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோதுதான் தம்பி போனில் சொன்னான், தங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சேர்ந்தே விற்கிறார்கள், கம்பனி இறங்கி வருகிறது, வந்து பாருங்கள் என்று. நான் பாலைத்தான் நினைத்தேன்.

தம்பியின் வீடு அஜின்கோர்ட்டில். தெருவுக்கு வந்தால் பஸ் தரிப்பிட வாங்கு முழுவதும் வீடு விற்றுத் தரும் நம்மவர்களின் படம். பல்லைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை போல நிற்கிறார்கள். வாங்கில் குந்தினால் ஒருவருடைய முகத்தில்தான் சாயவேண்டும். கடைகளில் கறிவேப்பிலையும் உண்டு, மொட்டைக்கறுப்பன் அரிசியும் உண்டு. கிளிநொச்சிச் சந்தையில் இல்லாத முருங்கைக்காய் அங்கே குளிரில் நீட்டிக்கொண்டு கிடக்கிறது.

தம்பி மனைவி வசந்திக்கு இரண்டு குசினி. மேல்தளத்தில் சைவம், பேஸ்மன்ட்டில் அசைவம். கோழி, ஆடு, நண்டு எல்லாம் கீழேதான். சுவாமி அறை மேலே இருப்பதால், அங்கே வாசம் போகக்கூடாது என்று இந்த ஏற்பாடு.

“மாட்டிறைச்சி எந்தத் தளத்திலை மச்சாள்?” என்று கேட்டேன்.

“ஐயோ மச்சாள், உந்தக் கதை இந்த வீட்டிலை கதைக்கிறேல்லை” என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு நீத்துப்பெட்டி புட்டைக் கொட்டினாள். உந்தக் கதையின் காசில்தான் அந்தப் புட்டு அவிந்தது என்பதை நான் சொல்லவில்லை. பசி. புட்டும் நல்ல பூப்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டோம். தம்பி வேட்டி சால்வையோடு வந்தான். பிக்கப் வீட்டிலேயே நின்றது, வசந்தியின் கார் வந்தது. வழியில் சுப்பர் மார்க்கட் ஒன்றில் நிறுத்தினான். அந்த நாட்டில் பாலைப் பையில் அடைத்து விற்கிறார்கள். கை நிறையப் பால் பைகளோடு வந்தவன், காரின் பின்பக்கத்தைத் திறந்து எவர்சில்வர் கான் ஒன்றை எடுத்தான். கத்தரிக்கோலும் ஆயத்தமாக இருந்தது.

“அக்கா, கானைக் கொஞ்சம் பிடியுங்கோ.”

பிடித்தேன். ஒவ்வொரு பையாகக் காதை வெட்டி ஊற்றினான். வசந்தி வெறும் பைகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை, அவ்வளவு பழக்கம். கோயில் வாசலில் தலைவர் நடராசா அண்ணை இரண்டு கையாலும் கானை வாங்கினார்.

“உங்கடை தம்பியின்ரை பண்ணைப் பாலிலைதான் பிள்ளையாருக்கு ஒவ்வொரு வெள்ளியும் அபிஷேகம். கடைப்பாலுக்கும் இதுக்கும் நிறமே வேறை” என்று என்னிடம் சொன்னார்.

“ஓம், எனக்குப் பாத்த உடனை தெரிஞ்சுது” என்றேன்.

அன்னதான மண்டபத்தில் எனக்குப் பின்னால் இருந்த இருவர் தங்கள் ஊர்ச்சங்கம் இரண்டானதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். “பிக்னிக்குக்கு ஆர் கொத்துரொட்டி போடுறதெண்டதிலை வந்தது” என்றார் ஒருவர். “இப்ப ரெண்டு பிக்னிக். அதே பார்க், அதே நாள். இஞ்சாலை அவை, அங்காலை நாங்கள்.” மற்றவர், ஆட்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார். “ஆக்கள் எல்லாரும் ரெண்டு பக்கமும் போய்ச் சாப்பிட்டவை” என்றார் முதலாமவர். சேர்ந்து விற்கப் படிக்க வந்த நான் சாம்பாரைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பண்ணை ஒஷாவாவையும் தாண்டி. தம்பி தீன் போட விடியவே போய்விடுவான், அதனால் திங்கட்கிழமை என்னை ரயிலில் வரச் சொன்னான். இரண்டு ரயில் மாறவேண்டும். முதல் ரயிலில் சரியாக ஏறினேன். இரண்டாவதிலும் சரியாகத்தான் ஏறினேன், திசைதான் பிழை. ஜன்னலுக்கு வெளியே வயலும் பட்டியும் வரும் என்று காத்திருந்தால் கண்ணாடிக் கட்டடங்கள் வளர்ந்துகொண்டே வந்தன. பக்கத்தில் இருந்த பிலிப்பீன்ஸ்காரப் பெண்ணிடம் ஒஷாவா எப்போது வரும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். “இந்த ரயிலில் இருந்தால் வரவே வராது” என்றாள். கடைசித் தரிப்பில் என்னைக் கையைப் பிடித்து இறக்கி, படியேற்றி, படியிறக்கி, சரியான மேடையில் நிறுத்தி, தன் பையிலிருந்த கேக்கில் பாதியையும் தந்துவிட்டு ஓடினாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும். நம்மவர்கள் என்றால் முதலில் ஊர் எது என்று கேட்டிருப்பார்கள்.

ஒஷாவாவில் வந்து என்னை ஏற்றிப் போன தம்பியின் பட்டியைப் பார்த்தபோது எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. பொய் சொல்கிறவன் மாட்டை இவ்வளவு நன்றாக வளர்ப்பான் என்று நான் நினைக்கவில்லை. காயடித்த நாம்பன்கள், கறுப்பும் சிவப்பும், முதுகு பலகை போலப் பரந்து, கூரை போட்ட பட்டியில் வரிசையாகத் தலையை நீட்டித் தின்றுகொண்டு நின்றன. பட்டிக்கு அருகே ஒரு சின்னப் பண்ணை வீடும் இருந்தது. முன்பு பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கியவன் அவன். அந்த வேலையை விட்டு, அஜின்கோர்ட் வீட்டை வங்கியில் ஈடு வைத்து இந்தப் பண்ணையைப் பிடித்திருக்கிறான். நாம்பன்கள் நல்ல விலைக்குப் போகாவிட்டால் இரண்டு குசினியும் சேர்ந்து போகும்.

“தனிய வித்துப் பாத்தனான் அக்கா” என்றான். “கொழுத்த மாடு காத்துக்கொண்டு நிக்காது. பதம் தாண்டினால் தின்னிறதெல்லாம் நட்டம், கொழுப்புக் கூடினதெண்டு கம்பனி விலையைக் குறைக்கும். அது அவங்களுக்குத் தெரியும். போனை எடுக்காமல் ரெண்டு கிழமை இழுப்பாங்கள். பிறகு நாங்கள் காலிலை விழவேணும். இப்ப மார்ஜின்ரை ஆக்களோடை சேர்ந்திட்டன். இதுதான் என்ரை முதல் விற்பனை.”

மார்ஜ் அடுத்த பண்ணைக்காரி. அந்தக் குழுவுக்காகக் கம்பனியோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அன்று மத்தியானம் அவளுடைய குசினியில் கூட்டம். தம்பியோடு சேர்த்து ஏழு பண்ணைக்காரர்கள். சங்கம் என்றால் எனக்குத் தெரியும்: மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை, நடுவில் ஒரு சண்டை. இவர்கள் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார்கள். கன்றுக்குத் தீன் போடுகிற நீல வாளி ஒன்று சுற்றி வந்தது. எல்லோரும் போனை அதற்குள் போட்டார்கள். கூட்டம் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

“முந்தி நாங்கள் இங்கே கூடியிருக்கும்போதே கம்பனி ஆள் ஒவ்வொருவருக்கும் தனியாக அடிப்பான்” என்று மார்ஜ் எனக்கு விளக்கினாள். “உனக்கு மட்டும் கொஞ்சம் கூட்டித் தருகிறேன், மற்றவர்களிடம் சொல்லாதே என்பான். யாராவது ஒருவர் கழிப்பறைக்குப் போகிற மாதிரி எழும்பிப் போவார். அடுத்த கிழமை எல்லோருக்கும் விலை இறங்கும்.”

எங்கள் மோட்டார் சைக்கிள்காரனுக்கு இப்படி ஒரு பெரிய கம்பனி நடத்தத் தெரியும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அதே வசனம், சொல்லுக்குச் சொல். சட்டைதான் வேறு.

மேசையில் மாட்டிறைச்சிக் குழம்பு. எனக்கு மட்டும் பாணும் சீஸும் வைத்தார்கள். வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டையும் தொடாத என் தம்பி இரண்டாம் முறையும் குழம்பு வாங்கினான். நான் பார்த்தேன். அவன் குழம்பைப் பார்த்தான்.

சுவரில் இருந்த போன் அடித்தது. மார்ஜ் எடுத்தாள், கேட்டாள், “இல்லை” என்றாள், வைத்தாள். ஒருவரும் என்ன விலை என்று கேட்கவில்லை, அப்பிள் பை என்ற பலகாரத்தை வெட்டிச் சாப்பிட்டார்கள். மறுபடி அடித்தது. மறுபடி “இல்லை.” எங்கள் சங்கத்தில் இந்நேரம் மூன்று பேர் மயங்கி விழுந்திருப்பார்கள். மூன்றாம் முறை நீண்டநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி” என்றாள்.

விற்றதைவிட எனக்கு அதிசயமாக இருந்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். கம்பனி அந்தக் கிழமை ஒரு லொறிக்குத்தான் இடம் கொடுத்தது. முறைப்படி அது ஹெரல்ட் என்ற வயதான பண்ணைக்காரருடையது. அவருடைய மாடுகள் பதம் தாண்டும் நிலையில் நின்றன. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, “சிவா புது ஆள், வங்கியும் அவனைத் துரத்துகிறது. இந்தமுறை அவன் ஏற்றட்டும், நான் அடுத்த கிழமை” என்றார். எங்கள் பெண்களில் ஒருத்தி முறையை விட்டுக்கொடுத்து நான் கண்டதில்லை. நானும் விட்டுக்கொடுத்ததில்லை.

“வெள்ளிக்கிழமை. லொறி பத்தரைக்கு உன் வாசலில் நிற்கும்” என்றாள் மார்ஜ். “நேரம் பிந்தக்கூடாது. அவர்கள் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.”

தம்பி “ஓகே” என்றான். மேசைக்குக் கீழே விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தான். என்ன எண்ணுகிறான் என்று எனக்கு வண்டியில் வரும்போதுதான் விளங்கியது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம்.

“அப்ப அங்கையே சொல்லியிருக்கலாமே, விடியவே ஏத்துவமெண்டு” என்றேன்.

“வெள்ளைக்காரரிட்டை ராகுவைப் பற்றி எப்பிடியக்கா சொல்லுறது? சிரிப்பாங்கள்.”

கோயில்காரர்களிடம் மாட்டைச் சொல்ல வெட்கம், மாட்டுக்காரர்களிடம் ராகுவைச் சொல்ல வெட்கம். இந்த இரண்டு வெட்கத்துக்கும் நடுவில்தான் அவன் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு லொறி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பிறம்ரனில் இருக்கும் மட்டக்களப்புப் பொடியன், பெயர் தேவன். என்னைக் கண்டதும் “அன்ரி, சிலோனிலை இருந்தோ?” என்று சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷத்தைப் பிடித்துக்கொண்ட தம்பி, “அக்கா, தேவனுக்கு ரொட்டி சுட்டுக் குடுங்கோ” என்றான். பண்ணை வீட்டில் சுட்டேன், சம்பலும் இடித்தேன். தேவன் சாப்பிட்டான், ஏப்பம் விட்டான், எழுந்தான். தம்பி பட்டிக் கதவுப் பூட்டின் திறப்பைத் தேடத் தொடங்கினான். திறப்பு அவனுடைய காற்சட்டைப் பைக்குள் புடைத்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்குத் திறப்பு கிடைத்தது. அந்த நேரம் பார்த்து வசந்தி போன் பண்ணினாள். ஊர்க் கலண்டரைப் பார்த்துப் பிரயோசனம் இல்லையாம், ரொறன்ரோவில் சூரியன் பிந்தித்தான் உதிக்கிறதாம், கோயில் கலண்டரில் ராகுகாலம் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தித்தான் தொடங்குகிறதாம், ஒரு மணி தாண்டும்வரை ஏற்றவேண்டாமாம். எந்தக் கலண்டர் சரி என்று தெரியாததால் என் தம்பி இரண்டையும் அனுசரித்தான். திறப்பு மறுபடி தொலைந்தது.

தேவன் லொறிப் படியில் குந்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ” என்றான். “நல்லநேரம் பாக்கிறது உங்களுக்கோ, மாட்டுக்கோ?”

தம்பி குனிந்து வைக்கோலுக்குள் திறப்பைத் தேடினான்.

“மாட்டுக்கெண்டால், இந்த லொறியிலை எப்ப ஏத்தினாலும் கெட்ட நேரம்தான்” என்றான் தேவன்.

சுபவேளையில், கிழக்குப் பார்த்து, முதல் நாம்பனை ஏற்றினார்கள். தம்பி அதன் நெற்றியில் விபூதி பூசினான். அது தலையை உதறிவிட்டு ஏறியது. நெடுஞ்சாலையில் வெள்ளிக்கிழமை நெரிசல். கம்பனிக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய வேலை முடிந்து கதவு பூட்டிவிட்டார்களாம். மாடுகள் இரவு முழுவதும் வெறுவயிற்றோடு அங்கே நின்று நிறை குறைந்தன. அது தம்பியின் நட்டம், போகட்டும். இப்படிப் பிந்துகிற ஆட்களுக்கு அடுத்த கிழமை இடம் இல்லை என்று கம்பனி மார்ஜுக்குச் சொல்லிவிட்டது. அடுத்த கிழமை இடம் யாருடையது? முறையை விட்டுக்கொடுத்த ஹெரல்டுடையது.

திங்கட்கிழமை மறுபடி அதே குசினி. வாளி சுற்றி வந்தது. இந்தமுறை மேசையில் சாப்பாடு ஒன்றும் இல்லை.

“என்ன நடந்தது?” என்று மார்ஜ் கேட்டாள்.

“ஒரு மாட்டுக்குக் கால் நொண்டி” என்றான் தம்பி. “அதைச் சரிபண்ண நேரம் போய்விட்டது.”

ஹெரல்ட் தலையாட்டினார். மார்ஜ் ஆட்டவில்லை. என் பக்கம் திரும்பி, “நீயும் அங்கே நின்றாயே, எந்தக் கால்?” என்று கேட்டாள்.

பால் பொய்யை நான் ஊர் முழுக்கச் சுமந்தேன். பிறகு கானைப் பிடித்தேன், ரொட்டி சுட்டேன். இந்தக் கிழவருக்கு முன்னால் நொண்டிக் காலையும் பிடிக்க என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கையாலும் வாயாலும், ராகுகாலத்தை விளக்கினேன். வானத்தில் ஒரு பாம்பு இருக்கிறது, அது தினமும் ஒன்றரை மணித்தியாலம் நேரத்தைக் கெடுக்கும், அதற்குள் நல்ல காரியம் எதுவும் தொடங்கக்கூடாது என்றேன். தம்பி மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்துவிட்டது.

ஒருவரும் சிரிக்கவில்லை.

“தினமும் உண்டா?” என்று கேட்டார் ஹெரல்ட்.

“தினமும். நாளுக்கு நாள் நேரம் மாறும்.”

ஹெரல்ட் தம்பி பக்கம் திரும்பினார். “நான் ஞாயிறு காலையில் மாடு ஏற்றமாட்டேன், தேவாலயம் என்று மார்ஜுக்குத் தெரியும். அவள் ஞாயிற்றில் லொறி போடுவதில்லை. நீ ஏன் சொல்லவில்லை, சிவா? ஒன்பதுக்கு வரச் சொல்லியிருப்போமே.”

தம்பி மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டினான்.

“எனக்குப் பாம்பைப் பற்றிக் கவலையில்லை” என்றாள் மார்ஜ். “எங்கள் எல்லோருடைய வாசலிலும் பெயர்ப்பலகை இருக்கிறது. பெயரும், மாட்டிறைச்சிப் பண்ணை என்றும் போட்டிருக்கிறோம். உன் வாசலில் மட்டும் இல்லை. காற்றில் விழுந்துவிட்டது என்று சொன்னாய், நம்பினேன். எங்களிடம் வாக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒளிக்கிறவனோடு சேர்ந்து விற்க எங்களால் முடியாது. சனிக்கிழமைக்குள் பலகை நட்டால் இரு. இல்லாவிட்டால் நீ தனியாக விற்றுக்கொள்.”

வசந்தி இரண்டு நாள் சமைக்கவில்லை. இரண்டு குசினியும் மூடிக் கிடந்தன. “கோயில் ஆக்கள் எல்லாரும் இந்த மாதம் அந்த றோட்டாலைதான் அப்பிள் பிடுங்கப் போறவை” என்று அழுதாள். “ஊர் முழுக்கப் பாக்கும். நாளைக்கு நான் எந்த முகத்தோடை திருவிளக்குப் பூசைக்குப் போறது?”

“வங்கிக்காரன் வந்து வீட்டுக் கதவிலை ஒட்டினால் அதையும் ஊர் முழுக்கப் பாக்கும்” என்றான் தம்பி. அவன் அவளை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றுதான். சனிக்கிழமை காலை பலகையை நட்டான். ஆங்கிலத்தில் சிவபாலன் என்று பெரிய எழுத்து, கீழே மாட்டின் படம், அதன் கீழே மாட்டிறைச்சிப் பண்ணை. நான் கம்பைப் பிடித்தேன். அந்தப் பயணத்தில் என்னை எல்லோரும் எதையாவது பிடிக்கத்தான் வைத்தார்கள். இதை மட்டும் முழு மனதோடு பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பிள் தோட்டத்துக்குப் போன கார்கள் பலகைக்கு முன்னால் மெதுவாகின. ஒன்று பின்னால் எடுத்து வந்தும் பார்த்தது. திட்டு வாங்க ஆயத்தமாகத் தம்பி பண்ணை வீட்டுக்குள் இருந்தான். திங்கட்கிழமை தலைவர் நடராசா அண்ணை தனியாக வந்தார். காரைப் பட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் மறைவாக விட்டார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சிவா, நான் ஒண்டும் பிழையா நினைக்கேல்லை” என்று தொடங்கினார். “வீட்டிலை பிள்ளையள் இஞ்சை பிறந்ததுகள். பேர்கர் அது இது எண்டு கேக்குதுகள். கடையிலை வாங்கிறது எப்பிடியோ என்னவோ. உம்மடை பண்ணையிலை எண்டால் சுத்தமா இருக்கும் எல்லே? கொஞ்சம் கிடைக்குமோ? உவையள் ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.”

வீட்டுத் தேவைக்கும் தெரிந்தவர்களுக்கும் ஒரு மாட்டைப் பக்கத்து இறைச்சிக்கடையில் வெட்டிக் கொடுக்கக் குழுவில் தடையில்லை. அப்படி வெட்டிய இறைச்சி தம்பியின் குளிர்ப்பெட்டியில் இருந்தது. கொடுத்தான். செவ்வாய்க்கிழமை பொருளாளர் வந்தார், அதே மறைவில் கார், அதே பிள்ளைகள். புதன்கிழமை செயலாளர். “தலைவருக்குத் தெரிஞ்சால் என்னைத் துலைச்சுப்போடுவார்” என்றார் அவர். தம்பி முதலாமவருக்கு ஒரு விலை சொன்னான், இரண்டாமவருக்கு அதைவிடக் கூட்டிச் சொன்னான், மூன்றாமவருக்கு இன்னும் கூட்டினான். ஒருவரும் பேரம் பேசவில்லை. ஒருவரை ஒருவர் கேட்கவும் முடியாதே. மூன்று பேரும் ஒரே காரில் வந்திருந்தால் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். நான் கனடாவுக்குப் படிக்க வந்த பாடத்தை மார்ஜைவிட இந்த மூன்று பெரிய மனிதர்களும்தான் எனக்கு நன்றாகப் புகட்டினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தம்பி கான் இல்லாமல் கோயிலுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை நிர்வாக சபைக் கூட்டம். பசுவைக் காமதேனுவாக வணங்கும் இடத்தில் இப்படி ஒருவர் பொறுப்பில் இருப்பது அடியார்களின் மனதைப் புண்படுத்துகிறது என்று தலைவர் பேசினாராம், பொருளாளர் முன்மொழிந்தாராம், செயலாளர் வழிமொழிந்தாராம். தேருக்கு என்ன நிறச் சீலை கட்டுவது என்பதில்கூட ஒரு வருடம் அடிபட்ட சபை, என் தம்பியை நீக்குவதில் முதல் தடவையாக ஏகமனதாக நின்றது. நம்மவர்களுக்கு ஒற்றுமை இல்லை என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

வீட்டுக்கு வந்தவன் வேட்டியை மாற்றாமலே கதிரையில் இருந்தான். “பத்து வரியமா அந்தக் கோயிலிலை கூட்டித் துடைச்சனான் அக்கா. ஒருத்தனும் வாய் துறக்கேல்லை” என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மூன்று பேரின் பெயரையும் எந்தெந்தத் துண்டு வாங்கினார்கள் என்பதையும் கோயில் ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டு விமானம் ஏறலாம் என்றிருந்தது. தம்பிதான் வேண்டாம் என்றான். வசந்தி கீழே போய் அவனுக்கு ஆட்டுக்கறி வைத்துக் கொண்டுவந்தாள். மேல்தளத்துச் சாப்பாட்டு மேசையில்தான் வைத்தாள்.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் மார்ஜின் குசினியில் கடைசிக் கூட்டம். நான் உழுந்துவடை சுட்டுக்கொண்டு போனேன். கம்பனி மறுபடி லொறி கேட்டிருந்தது, மாடு இல்லாமல் அவர்களாலும் கடை நடத்த முடியாதே. முதல் லொறி ஹெரல்டுக்கு என்று தம்பியே சொன்னான். தன்னுடையது கடைசியில் போகட்டும் என்றான். நேரம் குறிக்கும்போது ஹெரல்ட் வெகு மரியாதையாக, “அன்றைக்குப் பாம்பு எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். தம்பி சத்தமாகச் சொன்னான். மார்ஜ் அந்த நேரத்தைத் தவிர்த்து லொறிக்கு நேரம் வைத்தாள்.

ஊரில் எங்கள் கூட்டத்துக்கு நான் கொண்டுபோகப் போவது வேறொன்றும் இல்லை, ஒரு வாளிதான். அது கிளிநொச்சிக் கடையிலேயே கிடைக்கும். அதற்குள் என் போனை முதலில் போடவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

விலையைப் பற்றி மார்ஜ் இனிமேல்தான் கம்பனியோடு பேசவேண்டும். நீல வாளி சுற்றி வந்தது. தம்பியின் முறை வந்தபோது அவன் கையிலேயே போன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். தலைவர் நடராசா அண்ணை. போன ஞாயிற்றுக்கிழமைதான் காமதேனுவைப் பற்றிப் பேசியவர். பேரனுக்குப் பிறந்தநாள் வருகிறது, நெஞ்செலும்புத் துண்டு கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும் என்று அதற்கு முந்திய கிழமை சொல்லிவிட்டுப் போனவரும் அவர்தான்.

தம்பி போனை எடுத்துப் பேசாமல் வாளிக்குள் போட்டான். அது மற்றப் போன்களுக்கு மேலே கிடந்து உறுமியது.

“யார் அது?” என்று மார்ஜ் கேட்டாள்.

“இறைச்சி வாங்குகிற ஒருவர்.”

“கூட்டாக வருகிறவரா, தனியாகவா?”

“எப்போதும் தனியாகத்தான். ஒளித்து வருவார்.”

மார்ஜ் வாளியைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளினாள். “அப்படியானால் அவசரமில்லை. நீ சொல்கிற விலையைக் கொடுப்பார்” என்று சொல்லிவிட்டு இரண்டாவது வடையை எடுத்தாள்.